விற்கலாமா, கொடுத்துவிடலாமா?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. கேம்களிலும் அனிமேஷன் படங்களிலும் காட்சிக்குள் வைக்கிற சட்டி பானை, விளக்கு, நாற்காலி போன்ற முப்பரிமாணப் பொருட்களைக் கம்ப்யூட்டரில் கையால் செய்கிறவர்கள் அவற்றை விற்பதா, சும்மா கொடுப்பதா என்று. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, இரண்டு வருடமாக ப்ளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளைக் கற்றுக்கொண்டு வருகிறேன். பிள்ளை தூங்கிய பிறகு ராத்திரியில்தான் நேரம். பாட்டி வீட்டில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகச் செய்ய ஆரம்பித்து அம்மி, ஆட்டுக்கல், திருகை, அரிவாள்மனை, முறம், அஞ்சறைப்பெட்டி, பித்தளைக் குடம், குத்துவிளக்கு, ஊஞ்சல் என்று 43 ஆகிவிட்டது. வீட்டுக்காரர் விற்கச் சொல்கிறார். கேம் செய்கிற என் தம்பி, "சும்மா போடு, பேர் கிடைக்கும், அப்புறம் வேலை தானாக வரும்" என்கிறான். எனக்கோ அம்மிக்குப் போய்க் காசு கேட்பதா என்று கூச்சமாக இருக்கிறது. எல்லார் பாட்டி வீட்டிலும் இருந்ததுதானே. என்ன செய்யட்டும்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் அந்தக் கூச்சத்தைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்.

"அம்மி கொத்தலையா, ஆட்டுக்கல் கொத்தலையா" என்று கூவிக்கொண்டு தெருவில் ஒருவர் வருவார், உங்களுக்கு நினைவிருக்கும். திண்ணை ஓரமாக உட்கார்ந்து உளியும் சுத்தியலுமாக மத்தியானம் வரை கொத்துவார். கல் நம் வீட்டுக் கல், அம்மி என்கிற வடிவமோ ஒருத்தருக்கும் சொந்தமில்லை, ஆனாலும் அவருக்குக் கூலி கொடுக்காமல் அனுப்பின பாட்டியை நான் பார்த்ததில்லை. நீங்கள் அனுப்பியிருந்த படத்தில் அம்மியின் நடுவில் தேய்ந்த குழிவு இருக்கிறது, குழவியின் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வழுவழுவென்று இருக்கிறது. வலது கையால் அழுத்தி அரைத்த ஒரு மனுஷியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது வரும். அந்தக் குழிவுதான் உங்கள் கொத்து வேலை. அதற்குக் கூலி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்கலாம் என்பதால் கேட்டே ஆக வேண்டும் என்றும் இல்லை. கொடுக்க மனசு நிறைந்து கொடுக்கிறீர்களா, விலை சொல்ல வாய் வராமல் கொடுக்கிறீர்களா என்று உங்களையே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முதலாவது என்றால் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாவது என்றால் கொஞ்சம் பொறுங்கள், ஏனென்றால் இதில் ஒரு பக்கம்தான் திரும்பி வர வழி இருக்கிறது. இன்று விலை வைத்ததை நாளைக்கு இலவசமாக்கலாம். இலவசமாக விட்டதைத் திரும்ப வாங்க முடியாது. கிரியேட்டிவ் காமன்ஸ், சுருக்கமாக 'சிசி', என்பது நம் படைப்பை மற்றவர்களும் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தருகிற பொது உரிமம். அதில் ஒரு பொருளை விட்டால் எடுத்தவர்களுக்கு அந்த உரிமை அப்படியே நிற்கும், நீங்கள் பின்னால் மனசு மாறினாலும் அவர்களிடமிருந்து பிடுங்க முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் ஒரு டீக்கடை செய்தேன். பாய்லர், கண்ணாடி கிளாஸ், பன் ஜாடி, ஒரு கால் ஆடுகிற பெஞ்ச், தொங்குகிற வாழைப்பழத் தார் எல்லாம் சேர்த்து மூன்று மாத வேலை. இணையத்தில் போடுகிற அன்றைக்கு அவசரத்தில் 'சிசி ஜீரோ' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஜீரோ என்றால் விலை ஜீரோ என்று நினைத்திருந்தேன், உண்மையாகவே. அது விலையைச் சொல்வதில்லை. என் உரிமைகளை எல்லாம் விட்டுவிடுகிறேன், யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். ஒரு வருடம் கழித்து என் பெஞ்சும் பாய்லரும் ஒரு கடையில் வேறொருவர் பெயரில் விலைக்கு இருந்தன. வயிறு எரிந்தது. ஆனால் அவர் செய்ததில் உரிமப்படி தப்பே இல்லை. நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள்.

அதனால் மூன்றே மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிசி ஜீரோ நான் சொன்னது. 'சிசி பை' என்றால் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு எதற்கும் பயன்படுத்தலாம், காசுக்கு விற்கிற கேமிலும் வைக்கலாம். அதோடு 'என்சி' சேர்ந்தால் வணிகத்துக்குக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று என்சி-யில்தான் போய் நிற்கிறார்கள், நான் அதை வேண்டாம் என்பேன். நூறு ரூபாய்க்கு ஒரு குட்டி கேம் விற்கிற பையன் அதைத் தொட முடியாது, விளம்பரம் வருகிற யூடியூப் சேனல்காரர் இது வணிகமா இல்லையா என்று குழம்பி விலகிவிடுவார். எடுத்து விற்கிற ஆளோ உரிமத்தைப் படிக்கப் போவதே இல்லை. நல்லவர்களை மட்டும் வாசலில் நிறுத்துகிற பூட்டு அது. கொடுப்பது என்று முடிவு செய்தால் சிசி பை போதும். உங்கள் தம்பி சொல்கிற பேர், பெயரைச் சொல்லச் சொல்கிற உரிமத்தில்தான் உறுதியாக வரும்.

தம்பி சொல்வது முழுக்கத் தப்பும் இல்லை. 1975-ல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் வீட்டில் இருந்த தேநீர்ப் பானையைப் பார்த்து வரைபடத் தாளில் வரைந்து, அதன் புள்ளிகளைக் கணினிக்குள் கொண்டுவந்தார். அந்த எண்களை மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் கொடுத்துவிட்டார். ஒளி எப்படி விழுகிறது, நிழல் எப்படி வருகிறது என்று சோதிக்க ஆளாளுக்கு அந்தப் பானையையே எடுத்தார்கள். இன்றைக்கும் 3டிஎஸ் மேக்ஸ் என்கிற முப்பரிமாண மென்பொருளில் பெட்டி, உருண்டை இருக்கிற வரிசையில் தேநீர்ப் பானைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, நிஜப் பானை கலிஃபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுச் சமையலறைச் சாமான் ஒன்று, கொடுத்ததால் இவ்வளவு தூரம் போனது. அதை நினைத்தால் எனக்கு உங்கள் அரிவாள்மனை ஞாபகம்தான் வருகிறது. நான் ஒரு காட்சிக்கு அரிவாள்மனை தேடி இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். மர பீப்பாயும் கப்பல் பெட்டியும் இரும்பு வாளும் எத்தனை வேண்டுமானாலும் கிடைத்தன. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிற ஒரு வீட்டைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் நானே செய்தேன், உங்களுடையதைப் போல நன்றாக வரவில்லை.

ஆனால் இலவசம் என்று நாம் சொல்வதற்குப் பின்னால் யாரோ காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், இதையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் பைசா செலவில்லாமல் இறக்கிக்கொண்ட ப்ளெண்டரே ஒரு காலத்தில் மூடிப்போன நிறுவனத்தின் சொத்து. அதை உருவாக்கிய டான் ரோசண்டால் 2002-ல் பொதுமக்களிடம் கேட்டு, ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி, முதலீட்டாளர்களிடமிருந்து அதை மீட்டு, அந்த அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். டெக்ஸ்ச்சர், அதாவது பொருளின் மேல் போர்த்துகிற படம், நீங்கள் எடுக்கிற பாலி ஹேவன் தளம் எல்லாவற்றையும் சிசி ஜீரோவில் கொடுக்கிறது. அது நடப்பது மாதாமாதம் பணம் கட்டுகிற ஆதரவாளர்களால். கொடுக்கிறவர்கள் சாப்பிடவும் ஒரு வழி வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள், அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

சரி, விற்கிற பக்கம். கடைகள் ஒவ்வொன்றும் ஒரு பங்கு எடுக்கும். எபிக் நிறுவனம் 2024-ல் திறந்த ஃபேப் 12 சதவீதம் எடுத்துக்கொண்டு 88 உங்களுக்குத் தரும். யூனிட்டி அசெட் ஸ்டோர் 30 எடுக்கும். இட்ச்.ஐஓ-வில் எத்தனை சதவீதம் தருவது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம், ஒன்றும் மாற்றாவிட்டால் 10. அங்கே இன்னொரு வசதி, 'பிடித்ததைக் கொடுங்கள்' என்று விலையை வாங்குகிறவரிடம் விட்டுவிடலாம். கூச்சம் உள்ளவர்களுக்கு நல்ல முதல் படி அது.

சதவீதத்தைவிட வேலையைப் பாருங்கள். காசு வாங்கிவிட்டால் பதில் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. கேம் செய்கிற மென்பொருள்களான அன்ரியலில் டெக்ஸ்ச்சர் தெரியவில்லை, யூனிட்டியில் குடம் மனிதனைவிடப் பெரிதாக நிற்கிறது என்றெல்லாம் கடிதம் வரும். அளவு நிஜ மீட்டரில் இருக்கிறதா, குடத்தின் அடிப்பகுதி தரைமட்டத்தில் உட்கார்கிறதா, பொருளின் முகங்கள், அதாவது அதன் பரப்புத் துண்டுகள், உள்பக்கமாகத் திரும்பியிருக்கின்றனவா, எஃப்பிஎக்ஸ், ஜிஎல்பி என்கிற இரண்டு கோப்பு வடிவங்களிலும் ஏற்றுமதி சரியாக வருகிறதா என்று நீங்கள் முன்னாலேயே பார்த்து வைத்திருக்க வேண்டும். ராத்திரி ஒரு மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கிறது என்றால் அந்த ஒரு மணி நேரம் இதற்கே போய்விடும் மாதங்களும் உண்டு. இலவசத்திலும் இது வராமல் இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் நிறையவே எழுதுவார்கள். ஆனால் அங்கே "முடிந்தபோது பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 43-ஐயும் ஒரே மாதிரி நடத்த மாட்டேன். அம்மி, முறம், அரிவாள்மனை, மண்பானை என்று ஐந்தாறை சிசி பை-யில் கொடுத்துவிடுவேன். அதில் அம்மி கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் அதுதான் உங்களிடம் உள்ளதில் சிறந்தது. இலவசத்துக்கு மட்டமானதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. உங்கள் பெயரோடு ஊர் சுற்றப்போவது அதுதானே, நல்லதாக இருக்க வேண்டாமா? மீதியைத் தனித்தனியாக வைக்காமல், அடுக்களை முழுவதும் ஒரு தொகுப்பு, கூடமும் ஊஞ்சலும் ஒரு தொகுப்பு என்று விலைக்கு வையுங்கள். ஒற்றை அம்மிக்கு யாரும் கார்டை எடுக்க மாட்டார்கள், ஒரு வீடு முழுவதும் ஒரே கைப்பாங்கில் கிடைக்கிறது என்றால் எடுப்பார்கள். என் அனுபவத்தில், தனியாக வைத்த எட்டுப் பொருளில் ஆறு மாதத்தில் நான்கு விற்பனை. அவற்றையே சேர்த்துக் கட்டி வைத்தபோது முதல் மாதமே ஐந்து. பெரிய பணம் இல்லை. ஆனால் டேப்லெட் பேனாவின் நுனி தேய்ந்தால் வீட்டுக்காரரிடம் கேட்காமல் வாங்க முடிந்தது.

குத்துவிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது உங்கள் வீட்டு விளக்கை அளந்து செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அது நாச்சியார்கோவிலில் வார்த்த விளக்கு என்றால் விளக்கக் குறிப்பில் அந்த ஊரையும் அங்கே பித்தளை வார்க்கிறவர்களையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். எங்கோ இருக்கிற ஒரு கலைஞன் அதை 'இந்திய விளக்கு 01' என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் செய்த பொருட்களை விற்றால் பிரச்சினை வருமா?
– வாசகர், சென்னை

பதில்: இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம், வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர. ஓய்வு நேரத்தில் சொந்தமாகச் செய்தது உங்களுடையது என்றுதான் பொதுவாகச் சொல்ல வேண்டும், ஆனால் நியமனக் கடிதத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். வீட்டில் செய்வதும் எங்களுக்கே என்று எழுதி வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. ஸ்டுடியோ கம்ப்யூட்டரில், ஸ்டுடியோ மென்பொருளில் ஒரு கோட்டைக்கூட இழுக்காதீர்கள். மாணவர் பதிப்பு என்று கிடைக்கும் மென்பொருளில் செய்து விற்பதும் கூடாது, அவை படிப்புக்கு மட்டும் கொடுக்கப்பட்டவை. இலவசமாகக் கொடுத்தால் பரவாயில்லையே என்று அடுத்து கேட்பீர்கள். உங்களுடையது இல்லாததைத் தானமும் செய்ய முடியாது.

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் சிசி பை-யில் இலவசமாகப் போட்டதை இப்போது எடுத்துவிட்டு விற்க நினைக்கிறேன். செயற்கை நுண்ணறிவுக்குத் தீனியாகிறது என்று வேறு சொல்கிறார்கள்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பக்கத்தை எடுத்துவிடலாம், உங்கள் விருப்பம். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்கள் பெயரைச் சொல்லித் தொடர்ந்து பயன்படுத்துவார்கள், அதைத் தடுக்க முடியாது. அவர்களில் ஒருவர் வேறு இடத்தில் ஏற்றி வைத்தாலும் அதே நிலைதான். செய்யக்கூடியது, அதே பொருளைத் திருத்தி, புது டெக்ஸ்ச்சர் போட்டு, கூடுதல் பொருட்களோடு சேர்த்துப் புதிய தொகுப்பாக விற்பது. பழையது இலவசமாகச் சுற்றுவது அதற்கு விளம்பரமாகவே அமையும், நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஆலன் செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆப்ஜாவர்ஸ் என்ற தொகுப்பில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட முப்பரிமாணப் பொருட்கள் இருக்கின்றன, ஸ்கெட்ச்ஃபேப் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தவை. அவற்றைச் செய்தவர்கள் போடும்போது இதை நினைத்திருக்க மாட்டார்கள். நான் இன்னும் சிலவற்றைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எனக்கு மிகவும் நெருக்கமான ஒன்று, என் அப்பாவின் தையல் மெஷின், அதை எங்கும் ஏற்றவில்லை, விற்கவும் இல்லை. அப்படி ஒன்றிரண்டை உங்களிடமே வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

கேள்வி: வெளிநாட்டுக் கடையில் விற்கப் போனால் வரிப் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்கிறது. பயமாக இருக்கிறது, இதற்காகவே இலவசமாகக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இதற்காகக் கொடுக்காதீர்கள்! அது டபிள்யூ-8பென் படிவமாக இருக்கும். நான் அமெரிக்கக் குடிமகள் இல்லை, இந்தியாவில் வரி கட்டுகிறவள் என்று சொல்வதுதான் அது. பான் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. அமெரிக்க வாடிக்கையாளர்களிடமிருந்து வருவதை ராயல்டி என்று கணக்கிட்டால் பொதுவாக 30 சதவீதம் பிடிப்பார்கள், இரு நாட்டு ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அது 15 ஆகிறது. அங்கே பிடித்ததை இங்கே வரியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. வருமானம் சின்னதாக இருந்தாலும் கணக்கில் காட்டுங்கள், வருடத்துக்கு ஒரு முறை ஆடிட்டரிடம் போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: நான் கேம் செய்கிறவன். சிசி ஜீரோ பொருளை எடுத்தால் பெயர் போட வேண்டாம்தானே?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். ஆனாலும் போடுங்கள் தம்பி, முடிந்தால் செய்தவருக்கு ஒரு படமும் அனுப்புங்கள். என் டீக்கடையை யாரோ விற்றார் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒரு கல்லூரிப் பையன் மெயில் அனுப்பியிருந்தான். அவன் கேமில் பஸ் தவறிப்போன ஒருவன் மழைக்கு ஒதுங்குகிற காட்சி. ஓரத்தில் என் பாய்லர், ஆவி விடுகிறது, ஆவியை அவனே சேர்த்திருந்தான். பெஞ்சின் அந்த ஆடுகிற காலுக்கு அடியில் ஒரு செங்கல் துண்டை முட்டுக் கொடுத்திருந்தான். கீழே என் பெயரைப் போட்டு, "கால் ஆடுச்சு, சரி பண்ணிட்டேன் அக்கா" என்று ஒரு வரி.